'கருவாடு' குழுவில் காலியிடம்

கிட்டார் வாசித்த பெலிக்ஸ் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவன் மறுபடி குழுவில் சேரப்போகிறான் என்கிற செய்தியை பாடகர் டெரன்ஸ் வில்லவராயர் எழுந்து நின்று அறிவித்தார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய செய்தி என்று டெரன்ஸிடம் எதுவுமே கிடையாது. காப்பியில் சீனி குறைவு என்பதைக்கூட எழுந்து, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டுதான் சொல்வார்.

"நண்பர்களே!" என்றார். இருந்தது இரண்டே நண்பர்கள். ஒருவர் டிரம்ஸ் வாசிக்கிற மாசானமுத்து. இன்னொருவர் பேஸ் கிட்டார் வாசிக்கிற லியோன் மோத்தா.

"என்னடே சொல்லுத?" என்றார் மாசானம். "கல்லறைய தோண்டி எடுக்கப் போறாங்களா?"

"தோண்டுததுக்கு அங்க என்ன இருக்கு? இது வேற. விஞ்ஞானம்."

லியோன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல நினைப்பதற்குள் மற்ற இருவரில் ஒருவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவது வழக்கம்.

தூத்துக்குடியில் 'கருவாடு' என்றால் இப்போதும் இரண்டு பொருள்களில் ஒன்று இந்தக் குழு. இளவயதில் நான்கு பேரும் கருவாடு அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியின் பின்பக்கத்தில் பயிற்சி செய்தார்கள். வேறு யாரும் இடம் தரவில்லை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பிற்பாடு சென்னையிலிருந்து வந்த ஒரு விமர்சகர், உழைக்கும் மக்களின் உலர்ந்த கண்ணீருக்கு அது குறியீடு என்று எழுதினார். டெரன்ஸ் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர்கள் 'தென்னக ராக் இசையின் பிதாமகர்கள்' ஆனார்கள். பிதாமகர்களின் பழைய ஒலிப்பதிவு உரிமைகளோ, கைமாறிக் கைமாறி ஒரு பாத்திரம் தேய்க்கும் சோப்புக்காரரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. 'உப்பு மலை' பாட்டின் உச்சக்கட்டத்தில் இப்போது விளம்பரத்தில் ஒரு வாணலி பளபளக்கிறது. ஆகவேதான் பழைய பாட்டுகளை எல்லாம் புதிதாகப் பதிவு செய்வது என்று முடிவானது. அதற்கு முன்வந்தது சென்னைக் கம்பெனி ஒன்று.

கம்பெனியின் 'மரபு மீட்பு அதிகாரி' அமிர்தவர்ஷினி, பீச் ரோட்டில் ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோவாக மாற்றியிருந்தாள். மணமேடையில் வாத்தியங்கள். கருவிகளும் திரைகளும் இருந்த அறையின் கதவில் 'மணமகள் அறை' என்கிற பலகை அப்படியே இருந்தது.

"வாங்க லெஜண்ட்ஸ்," என்று வரவேற்று, மூவருக்கும் கையில் கட்டிக்கொள்ளப் பட்டைகள் கொடுத்தாள். "இதுதான் எங்க 'துணை'. பெலிக்ஸ் சாரை இதுதான் கொண்டுவரப் போகுது."

"அவன் வாசிச்சதைப் பதிஞ்சு வெச்சிருக்கீங்களோ?" என்று மாசானம் கேட்டார்.

"இல்ல சார். அதெல்லாம் பழைய டெக்னாலஜி. எங்களுக்கு அவர் வாசிச்சது தேவையே இல்ல. நீங்க வாசிச்சாப் போதும்."

"புரியலயே, தாயி."

"நீங்க நாலு பேரும் முப்பது வருஷம் சேர்ந்து வாசிச்சிருக்கீங்க. பெலிக்ஸ் சார் எங்க நுழைவார், எங்க இழுப்பார்னு உங்க கைக்குத் தெரியும். அந்த இடத்துல உங்க கை தானா கொஞ்சம் ஒதுங்கும். அவருக்கு வழி விடும். அவர் போயி இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒதுங்கல் மாறல. உங்க மூணு பேரோட ஒதுங்கலையும் சேர்த்து அளந்தா, நடுவுல ஒரு ஆள் அளவுக்கு இடம் கிடைக்கும். அந்த இடம்தான் அவர்."

டெரன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டத்தின் நடுவே கழற்றினால் உருக்கம் என்று அர்த்தம். "நான் அப்பவே சொன்னேன்லா," என்றார், எப்போது என்று சொல்லாமல்.

'உப்பு மலை'யைத் தொடங்கினார்கள். இரண்டாம் வரியில், யாரும் உட்காராத இடது மூலை ஒலிபெருக்கியிலிருந்து கிட்டார் வந்தது. லியோனின் பிடரி சில்லிட்டது. அந்த நுழைவு, ஒரு இமைப்பு முந்தி, கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வருகிறவனைப் போல. அது பெலிக்ஸேதான். மூவர் கன்னத்திலும் நீர் வழிந்தது, மாசானத்தின் குச்சிகள் நிற்கவில்லை. செத்தவனுக்கு வயது ஏறுவதில்லை. அறுபத்தெட்டு வயதுக்காரர்கள் மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட, நாற்பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் முன்னால் அலட்டாமல் போய்க்கொண்டிருந்தான்.

லியோனுக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள அவருக்கு ஒரு வழி தெரியும்.

கருவாடு குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வாசிப்பு நிற்கக் கூடாது. ஒருவன் தப்பினால் அடுத்த சுற்றில் மற்ற மூவரும் அதே தப்பை, அதே இடத்தில், வேண்டுமென்றே செய்ய வேண்டும். திருவிழா மேடைகளில் கற்றுக்கொண்டது. கீழே நிற்கிற ஜனம் கல் எறிவதா கை தட்டுவதா என்று யோசிக்கிற அந்த நொடியில், எல்லோரும் சேர்ந்து தப்புச் செய்தால் கை தட்டிவிடும். "மூணு தடவை செஞ்சிட்டா அது தப்பு இல்ல மக்கா, ஸ்டைலு," என்பார் மாசானம். 'உப்பு மலை'யின் நடுவில் வருகிற அந்தப் புகழ்பெற்ற அரைத் தாள அமைதியே, ஒரு மழைக்கால மேடையில் டெரன்ஸின் வாயில் ஈசல் புகுந்ததால் உண்டானது. அதைப் பற்றி ஒருவர் 'மௌனத்தின் அரசியல்' என்று ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்.

லியோன் மூன்றாம் சுற்றில் வேண்டுமென்றே ஒரு சுரம் கீழே இறங்கினார். பிசகு அப்பட்டமாகக் கேட்டது. அடுத்த சுற்று வந்தது. அதே இடத்தில், மாசானத்துக்கும் டெரன்ஸுக்கும் முன்னதாக, மூலையில் இருந்த கிட்டார் ஒரு சுரம் கீழே இறங்கியது.

பாட்டு முடிந்ததும் மணமகள் அறையிலிருந்து அமிர்தவர்ஷினி மட்டும் கை தட்டினாள்.

"ஏ பெலிக்ஸு," என்று மாசானம் மூலையைப் பார்த்து மெல்லக் கூப்பிட்டார். பிறகு வெட்கப்பட்டு, தலையைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அது தலைகீழாக நடந்தது. பெலிக்ஸ் தானாக ஓர் இடத்தில் தப்பினான். அடுத்த சுற்றில் மூவரும் யோசிப்பதற்கு முன்பே அதே தப்பைச் செய்து முடித்திருந்தார்கள். வெளியே வராந்தாவில் டீ குடிக்கும்போது மாசானம் கேட்டார்: "இப்ப நாம பெலிக்ஸுக்குப் பின்னால போனோமா, இல்ல அந்தப் பொட்டிக்குப் பின்னால போனோமா?"

"ரெண்டும் ஒண்ணுதானடே," என்றார் டெரன்ஸ்.

"ஒண்ணா இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் மாசானம்.

அவருக்கு அதிக நாள் பயப்பட வாய்ப்பில்லாமல் போயிற்று. பெடலை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் அவர் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது அமிர்தவர்ஷினி வாசலிலேயே காத்திருந்தாள், கையில் ஒரு பொன்னாடையுடன்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க சார். டெரன்ஸ் சாரும் லியோன் சாரும் இருக்காங்களே. அவங்க கையில நீங்க இருக்கீங்க."

"நான் உயிரோட இருக்கேன் தாயி."

"அது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம் சார்," என்று அவள் பொன்னாடையைப் போர்த்தினாள். கம்பெனிக் கார் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டது.

அன்று டிரம்ஸ் தானாக ஒலித்தது. ஆளில்லாத அந்த வட்ட முக்காலியைப் பார்க்காமல் வாசிக்க லியோன் மிகவும் சிரமப்பட்டார். சாயங்காலம் மாசானத்துக்குப் போனில் போட்டுக் காட்டினார். அவர் முழுப் பாட்டையும் கேட்டார்.

"நல்லாத்தானடே வாசிக்கேன்," என்றார் மாசானம் கடைசியில். "என்னவிட நல்லா வாசிக்கேன்."

அடுத்தது டெரன்ஸ். அவர் விஷயத்தில் வீக்கம் முழங்காலில் இல்லை. மறுபதிவைப் பற்றிப் பேட்டி கொடுக்கிற வேலை, மறுபதிவு செய்கிற வேலையை விடப் பெரிதாகிவிட்டிருந்தது. நினைவின் அறம், ஒலியின் ஊழ் என்றெல்லாம் சென்னை, கொச்சி, கொழும்பு என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். தான் இல்லாமலே தன் குரல் பாடும் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி மட்டும்தான். பொன்னாடையைக் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஆக, மணமேடையில் லியோன் ஒருவர் மட்டும். அவரைச் சுற்றி மூன்று காலியிடங்கள் பாடிக்கொண்டும் அடித்துக்கொண்டும் மீட்டிக்கொண்டும் இருந்தன. தினமும் காலையில் மண்டப வாசலில் அவர் முதலில் பார்ப்பது அமிர்தவர்ஷினியின் கைகளை. பொன்னாடை இல்லை என்றால் மூச்சு விடுவார். பிறகு, எதற்காக மூச்சு விட்டோம் என்று யோசித்துப் பயப்படுவார். ஐம்பது வருஷம் பேஸ் வாசித்தாகிவிட்டது. பாட்டில் அவர் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் என்னவோ குறைகிறது என்பார்கள். அந்த 'என்னவோ' தான்தான் என்பதை வைத்துத்தான் அவர் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்.

ஒரு நாள் இடைவேளையில் கேட்டேவிட்டார். "அம்மா, நான் இல்லாம எப்பவாவது போட்டுப் பாத்தீங்களா?"

அமிர்தவர்ஷினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல் நாளே சார். ஒவ்வொருத்தரையும் எடுத்துட்டுப் போட்டுப் பாப்போம். அது வழக்கம்."

"கேக்கலாமா?"

"அது... பொதுவா காட்டுறதில்ல சார்."

"எனக்குப் போட்டுக் காட்டுங்க."

போட்டாள். 'உப்பு மலை.' டெரன்ஸும் மாசானமும் உயிரோடு வாசித்தது, பெலிக்ஸ் மூலையில், பேஸ் மட்டும் துணை.

நன்றாக இருந்தது. சுருதி சுத்தம், தாளம் சுத்தம். அந்த வாசிப்பில் ஒரு மனிதன் இருந்தான். அவன் எப்போதும் ஒரு இமைப்பு பிந்தி, மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைத்தான். யார் குரல் உயர்ந்தாலும் இவன் தணிந்தான். மற்றவர்கள் தப்பினால் முதல் ஆளாய் அந்தத் தப்பைத் தானும் செய்தான். முழுப் பாட்டிலும் ஒரே ஒரு தடவைகூட, சொந்தமாய் ஒரு தப்புச் செய்யவில்லை. வாசல் ஓரத்தில் செருப்போடு நிற்கிற, யாராவது உள்ளே வா என்று சொல்லக் காத்திருக்கிற ஆள்.

"இது நான் இல்ல," என்றார் லியோன்.

"கரெக்ட் சார். இது அவங்க ரெண்டு பேரும் உங்களுக்கு விட்டு வெச்சிருக்கிற இடம். பெலிக்ஸ் சாரோடது உங்க கையிலயும் மத்த ரெண்டு பேர் கையிலயும் இருந்து வந்தது."

"அப்ப பெலிக்ஸும் பெலிக்ஸ் இல்லையா?"

அவள் முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்க மூணு பேரும் அழுதீங்களே சார்," என்றாள். "அழுதா அவர்தான?"

லியோனுக்கு பெலிக்ஸ் பற்றி ஒன்று நினைவுக்கு வந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் வயர் சுற்றும்போது, அவன் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ வாசிப்பான். ராக் இல்லை, வேறு என்னவோ. "சோலி முடிஞ்சிட்டுலா, மூடி வை," என்பார் டெரன்ஸ். மற்றவர்கள் சிரிப்பார்கள். அது என்ன மெட்டு என்று லியோன் எவ்வளவு யோசித்தும் ஒரு சுரம்கூடக் கிடைக்கவில்லை. கேட்டால்தானே கிடைக்கும். அதற்கு யாரும் இடம் விட்டதில்லை. எனவே அது எந்தத் துணையிலும் வராது. பத்தொன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தவன், இவர்கள் சகித்துக்கொண்ட பெலிக்ஸ் மட்டும்தான்.

"இதை வெச்சு கம்பெனி என்ன பண்ணப் போவுது? பாட்டு மட்டும்தானா?"

"பாட்டு சும்மா டெமோ சார். அடுத்த வருஷம் வீட்டுப் பதிப்பு. குடும்பத்துல ஒருத்தர் தவறிட்டா, மத்தவங்க உக்காந்து பேசினாப் போதும். நடுவுல அவர் பேசுவார்."

"உயிரோட இருக்கவங்க?"

"கேட்டிருக்காங்க," என்றாள் அமிர்தவர்ஷினி. "வெளிநாட்டுல இருக்கிற பையன், பேச்சுவார்த்தை இல்லாத மருமக... நிறைய பேர் கேட்டிருக்காங்க."

லியோன் வராந்தாவுக்கு வந்து டெரன்ஸுக்குப் போன் செய்தார். நான்கு பேரும், அதாவது மூன்று பேரும், ஒரே அறையில் உட்கார்ந்து நேரடியாக வாசித்துப் பதியலாம், பெலிக்ஸின் இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்றார். தம் வாழ்க்கையில் டெரன்ஸிடம் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

"எதுக்கு மக்கா? நான்தான் அங்க இருக்கேனே," என்றார் டெரன்ஸ். பின்னணியில் ஒரு விமான நிலைய அறிவிப்பு கேட்டது. "நேத்து அனுப்பிச்சதைக் கேட்டேன். தொண்டையில ஒரு பிசிறு இல்ல. நீ வேற, சும்மா குழப்பிக்கிட்டு."

"நான் நாளைல இருந்து வரல, டெரன்ஸு."

"சரி, உடம்ப பாத்துக்க," என்று டெரன்ஸ் போனை வைத்துவிட்டார்.

அது மிரட்டல் என்றுகூட டெரன்ஸுக்குத் தோன்றவில்லை என்பது லியோனுக்கு வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது.

மறுநாள் அவர் போனார். பட்டையைக் கட்டிக்கொண்டார். 'உப்பு மலை' தொடங்கியது. இந்தத் தடவை யாருக்கும் வழி விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். டெரன்ஸின் குரல் ஏறுகிற இடத்தில் தானும் ஏறினார். மாசானத்தின் அடிக்கு முன்னால் விழுந்தார். பெலிக்ஸ் நுழைகிற அந்த ஒரு இமைப்பில், வாசலை அடைத்துக்கொண்டு நின்று வாசித்தார். அவருடைய கைகளின் ஒதுங்கலிலிருந்துதானே மூவரும் உண்டாகிறார்கள்? ஒதுங்கல் இல்லையென்றால் ஆளும் இல்லை. முதலில் டெரன்ஸின் குரல் வரிகளைத் தவறவிட்டு, மெலிந்து, கொசுவின் ரீங்காரம்போல் ஆகி நின்றது. பிறகு டிரம்ஸ் தடுமாறி விழுந்தது. கடைசியாக மூலைக் கிட்டார் ஒரு நரம்பை இழுத்தபடி அப்படியே காற்றில் நின்று, அணைந்தது. லியோன் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். விரல்கள் அவருக்கே தெரியாத இடங்களுக்குப் போயின. தப்பினார். அந்தத் தப்பைத் திரும்பச் செய்ய யாரும் இல்லை. அது தப்பாகவே, தன்னந்தனியாக, மண்டபக் கூரை வரை போயிற்று. இவ்வளவு சந்தோஷமும் இவ்வளவு பயமும் ஒன்றாக அவருக்கு இதற்கு முன் வந்ததில்லை.

நிறுத்தியபோது சட்டை நனைந்திருந்தது. அமிர்தவர்ஷினி மணமகள் அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"சார், இது... நீங்க இப்படி வாசிப்பீங்களா?"

"இதைப் போடுங்க. இதுதான் நான்."

"கேட்டு முடிவு சொல்ற பேனலுக்கு அனுப்புறேன் சார். கண்டிப்பா."

ஒரு வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டார்கள். வாசலில் அவள் கையில் பொன்னாடை இருந்தது.

"ரெண்டையும் போட்டுக் காட்டினோம் சார். துணை வாசிச்சது, நீங்க தனியா வாசிச்சது. எது எதுன்னு சொல்லல. இதுல லியோன் யாருன்னு மட்டும் கேட்டோம். ரசிகர்கள், டெரன்ஸ் சார், மாசானம் சார், எல்லாரும் ஒண்ணைத்தான் சொன்னாங்க."

"துணைய."

"ஆமா சார்."

"அவனுவளுக்கு என்ன தெரியும்? பிலோட்ட கேட்டீங்களா? என் வீட்டுக்காரிட்ட?"

அமிர்தவர்ஷினி பொன்னாடையின் மடிப்பைப் பிரித்தாள். "அவங்கதான் சார் முதல்ல சொன்னது. நாலு சுரம்கூட முடியல. 'இது எங்க வீட்டு ஆளு'ன்னாங்க. சிரிச்சாங்க. இன்னொண்ணைப் போட்டதும், 'இவரு யாரு, ரொம்பச் சத்தமா இருக்காரே'ன்னு கேட்டாங்க." அவள் எட்டிப் போர்த்தினாள். "ரொம்ப அன்பாத்தான் சொன்னாங்க சார்."

கம்பெனிக் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு லியோன் கடற்கரையோரமாகவே நடந்தார். வழிநெடுக பிலோவிடம் கேட்க வேண்டியதைத் தயார் செய்துகொண்டே வந்தார். கோபமாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று. வீட்டுப் படியேறும்போது இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது. பேசாமல் நிற்போம். இன்றைக்கு ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஏன் பேசவில்லை என்று அவள் கேட்பாள். அங்கிருந்து தொடங்கலாம்.

பிலோ சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சன்னலில் சாயங்கால வெளிச்சம். அந்த வீட்டில் துணை கிடையாது. கம்பெனி இன்னும் வீடுகளுக்கு விற்க ஆரம்பிக்கவில்லை. ஒரு ரேடியோகூட ஓடவில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள் பிலோ, திரும்பாமல்.

லியோன் நிலைப்படியில் நின்றார். பதில் சொல்லவில்லை.

ஒரு சிறிய இடைவெளி. குழாயில் தண்ணீர் சொட்டியது.

"நடந்தா வந்தீங்க? இந்த வெயில்லயா?" என்றாள். சட்டியை அடுப்பில் வைத்தாள். மறுபடி அதே அளவு இடைவெளி. "சரி, அதுவும் நல்லதுதான். கால் மரக்காம இருக்கும்."

லியோன் பிடரியில் மறுபடி அந்தச் சில்லிப்பு ஏறியது.

"ராத்திரிக்குக் குழம்பு வைக்கவா, பொரிக்கவா?"

இடைவெளி. லியோன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

"ம், அப்ப பொரிச்சிருதேன். நீங்க சொன்னாப்புல, குழம்புன்னா மிஞ்சிப் போவும்." அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். பிறகு ஏதோ கேட்டவள்போல் கையை நிறுத்தி, தோளைக் குலுக்கிச் சிரித்தாள்.

லியோன் வாயைத் தொட்டுப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

"போங்க அங்கிட்டு," என்றாள் பிலோ, சிரிப்பு அடங்காமல். "இந்த வயசுல பேசுத பேச்சா இது?"